நான் ஒளிக்காத முடிச்சுகள்

நான் ஒளித்து வைத்தது முப்பது முடிச்சுகள். பிள்ளைகள் தேடிக் கொண்டுவந்து மேசையில் வைத்தது முப்பத்து மூன்று. கூடுதலாக வந்தவற்றில் ஒன்றை அவிழ்த்தபோது உள்ளே என் மனைவியின் தாலி இருந்தது.

இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை வரிசையாக எழுத முடியும். அன்றன்று நடந்ததை அன்றன்றே குறித்து வைப்பது என் பழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எழுத முடியாமல் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தேன்.

லூனாஸுக்கு அருகே நாங்கள் குடியிருக்கும் தாமான் குடியிருப்பிலிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் சாலையில் அந்த மாதா கோயில் இருக்கிறது. ரப்பர் காலத்தில் தோட்டத்து மக்களுக்காக ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கட்டியது. சிவப்பு ஓடு, சுண்ணாம்புச் சுவர், தனியாக நிற்கும் மணிக்கூண்டு. வலது பக்கத்தில் கருங்கற்களை அடுக்கிக் குகை போல் கட்டிய கெபி, அதற்குள் மாதா சொரூபம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், கோயில் அப்படியே நிற்கிறது. நாங்கள் இந்துக்கள். எங்களுக்கு மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தியாவது ஏற்றாத இந்து வீடு அபூர்வம். என் மனைவி எப்போதாவது போய் வருவாள். நான் போனதில்லை.

கோயில் ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்குப் புதையல் தேடும் விளையாட்டு வைப்பதாக முடிவு செய்தார்கள். அதற்குப் பொறுப்பு எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. கூலிம் தொழிற்சாலையில் என் மனைவியோடு ஒன்றாக வேலை பார்த்தவர், எங்கள் இருவருக்கும் மூத்தவர். ஒரு மாலை கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, சாமானை எல்லாம் நீங்கதான் ஒளிச்சு வைக்கணும்."

"நான் எதுக்குக்கா? உங்க கோயில்ல ஆள் இல்லையா?"

"ஆள் இருக்கு, அதான் பிரச்சினை. போன தடவை ஒளிச்ச ஆள் வீட்டுப் பிள்ளைங்க நேரா போய் எடுத்துட்டு வந்துச்சுங்க, கடையில சாமான் வாங்குற மாதிரி. பெரிய சண்டையாயிடுச்சு. நீங்க எங்க ஆள் இல்ல. அங்க உங்களுக்கு மாமனும் இல்ல மச்சானும் இல்ல. யாரும் வாயைத் தொறக்க முடியாதுலா."

என் மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து சொன்னாள்: "சீனி டப்பாவுல சீனின்னு எழுதி ஒட்டுற ஆளுக்கா இவரு. ஒளிச்ச இடத்துல எல்லாம் நம்பர் ஒட்டிட்டு வந்துடப் போறாரு."

தொழிற்சாலை ஸ்டோரில் இத்தனை வருடம் வேலை பார்த்தவனுக்கு ஒளிப்பது என்பது தலைகீழ் வேலைதான். எதையும் தேடினால் உடனே கிடைக்கும்படி வைப்பதே என் தொழில். ஆனால் ஒப்புக்கொண்டேன். அக்கா ஒரு பை நிறையச் சிறிய மாதா பதக்கங்களும் மிட்டாய்களும் கொடுத்தார். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு பதக்கம், ஒரு மிட்டாய். எதில் சுற்றுவது என்பதை என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். பிளாஸ்டிக் பை என்றால் காற்றில் பறக்கும், காகிதம் மழையில் கரையும் என்று யோசித்துத் துணிக்கடையில் மஞ்சள் துணி வாங்கினேன். பாசி படிந்த கல்லுக்கும் செம்மண்ணுக்கும் நடுவே மஞ்சள்தான் கண்ணுக்குத் தெரியும். சதுரமாக வெட்டி, நான்கு மூலையையும் சேர்த்து முடிந்தேன். வீட்டில் வேண்டுதலுக்குக் காசு முடியும்போது போடும் முடிச்சு அது. எனக்கு வேறு முடிச்சு தெரியாது.

சாப்பாட்டு மேசையில் முப்பதையும் வரிசையாக அடுக்கியிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"மஞ்சளா?"

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு." உள்ளே போனவள் திரும்பி வந்தாள். "கெபி பக்கம் வைக்காதீங்க. பாம்பு இருக்கும்."

சனிக்கிழமை மாலை நான் தனியாகப் போய் ஒளித்தேன். பாம்பு என்று சொன்னதால் கைவிளக்கும் நீளமான குச்சியும் கொண்டுபோய்க் கெபியின் அடிக்கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். பாம்பு இல்லை, பாம்பு இருந்த தடமும் இல்லை. ஆகவே அங்கேயும் இரண்டு முடிச்சுகளை வைத்தேன். சோதித்துப் பார்த்துச் சரி என்று தெரிந்த ஓர் இடத்தை வீணாக விட எனக்கு மனம் வரவில்லை. மேலே இருந்த கற்களை நான் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு எட்டாது என்று நினைத்தேன்.

மறுநாள் பூசை முடிந்ததும் பிள்ளைகளை வளாகத்துக்குள் திறந்துவிட்டார்கள். மணிக்கூண்டின் அடியில் ஒரு மேசை போட்டு நானும் அக்காவும் உட்கார்ந்தோம். முடிச்சை அவிழ்க்காமல் கொண்டுவர வேண்டும், நான் அவிழ்த்துப் பார்ப்பேன், அக்கா பரிசு கொடுப்பார். இதுதான் விதி. கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த இளம் ஃபாதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கிரிக்கெட் வர்ணனை போலப் பேசிக்கொண்டிருந்தார். என் மனைவி பின்னால் இருந்த கூடத்தில் மற்றப் பெண்களோடு சேர்ந்து மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருந்தாள்.

பாதிக்கு மேல் வந்து முடிந்த நேரம் ஒரு பையன் கொண்டுவந்த முடிச்சு என் கைக்கு வித்தியாசமாகப் பட்டது. துணி மெல்லியது, வெளுத்துப்போயிருந்தது. அவிழ்த்தேன். உள்ளே ஒரு பால்பல்.

பிள்ளைகளின் குறும்பு என்று எண்ணி ஓரமாக வைத்தேன். அடுத்ததாக வந்த இன்னொரு வெளுத்த முடிச்சில் துருப்பிடித்த பழைய சாவி இருந்தது. லயத்து வீடுகளுக்கு இருந்த மாதிரிச் சாவி. அதற்குப் பிறகு ஒரு கைக்குழந்தையின் வெள்ளிக் கொலுசு, ஒற்றைக் கொலுசு.

"அக்கா, இது எதுவும் நான் வச்சது இல்ல."

அக்கா அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். பரிசுப் பொட்டலத்தை நீட்டிய கை அப்படியே நின்றது. எதிரே நின்ற பையன் அதை அவனே பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

"கட்டுங்க தம்பி. திரும்பக் கட்டுங்க. அதெல்லாம் வேண்டுதல்."

"யாரோட வேண்டுதல்?"

"உங்க ஆளுங்களோடதுதான். எங்க ஆளுங்க மெழுகுவர்த்தி ஏத்துறதோட சரி. நீங்கதான் மஞ்சள் துணியில முடிஞ்சு கெபி கல்லுல சொருகிட்டுப் போவீங்க. நாங்க கெபியக் கழுவும்போதுகூடத் தொட மாட்டோம். வேண்டினது நடந்துச்சுன்னா அவங்களே வந்து எடுப்பாங்க." மூச்சு விட்டார். "கெபி பக்கம் போக வேணாம்னு உங்க வீட்டுல சொல்லச் சொன்னேனே, சொல்லலையா?"

"பாம்பு இருக்குன்னா."

"பாம்பா?" அக்கா என்னைப் பார்த்தார்.

நான் மூன்று முடிச்சுகளையும் திரும்பக் கட்டத் தொடங்கினேன். யாரோ ஒருவருடைய பிள்ளைக்காக வைத்த கொலுசு, யாரோ ஒருவர் வீடு வேண்டும் என்று வைத்த சாவி. நான் வாங்கிய துணியின் நிறத்தால், நான் போட்ட முடிச்சால், இவை புதையலாகி மிட்டாய்க்கு மாறியிருந்தன.

அப்போது ஒரு சிறுமி வந்தாள். இரட்டைப் பின்னல், முழங்கை வரை பாசி. இரண்டு கைகளாலும் எதையோ மூடிப் பிடித்திருந்தாள்.

"அங்கிள், இது ரொம்ப உள்ள இருந்துச்சு. கல்லு மேல ஏறி, தோள் வரைக்கும் கைய விட்டேன். யாருக்கும் கை போகல. எனக்குப் பெரிய பிரைஸ் வேணும்."

அந்த முடிச்சையாவது அவிழ்க்காமல் வைத்திருக்கலாம். வேண்டுதல் என்று தெரிந்த பிறகு அவிழ்த்திருக்கக் கூடாது. ஆனால் அது மற்ற மூன்றைப் போல் வெளுத்திருக்கவில்லை, என்னுடையதோ என்று சந்தேகம் வந்தது. அவிழ்த்தேன்.

தாலியின் இடது காலில் கடுகளவு ஒரு பற்றுப்பொட்டு. கல்யாணம் ஆன புதிதில் கதவில் மாட்டி வளைந்து, நான்தான் பத்தரிடம் கொண்டுபோய்ப் பற்ற வைத்தேன். அந்தப் பொட்டு சற்று மேடாக நிற்கிறது என்று அப்போதே பத்தரிடம் குறை சொன்னவன் நான். விரலால் தடவினேன். மேடாகவே இருந்தது.

திருட்டுப் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். காலையில் அவள் கழுத்தில் கொடியைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. கொடியைப் பார்த்தேன். ரவிக்கைக்குள் போகும் அதன் முனையில் என்ன தொங்குகிறது என்று நான் பார்க்கவில்லை, எத்தனை நாளாகப் பார்க்கவில்லை என்றும் தெரியவில்லை. பிறகு வந்த எண்ணம் திருட்டை விட மோசமானது. புருஷன் உயிரோடு இருக்கும்போது ஒரு பெண் எதற்காகத் தாலியைக் கழற்றுவாள்? எனக்கு வியர்த்துவிட்டது.

"என்னண்ணே, கணக்கு இடிக்குதா?" ஃபாதர் மைக்கோடு வந்துவிட்டார். மேசையில் கிடந்ததைப் பார்த்தார். "ஐயோ, தாலியா? யாரு தவற விட்டது? மைக்ல சொல்லிடவா?"

அக்கா எழுந்து மைக்கின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். ஒலிபெருக்கி கீச்சிட்டது. "நீங்க போய்ப் பாட்டுப் போட்டி ஆரம்பிங்க ஃபாதர். தாப்பா, பரவால்ல, இதை நாங்க பாத்துக்குறோம்."

அவர் போனார். நான் சொன்னேன், "அக்கா, இது என் வீட்டுது."

"தெரியும் தம்பி. நான்தான் கூட வந்தேன்."

"என்ன தெரியும்? எதுக்காக?"

"உங்களுக்காகத்தான். வேற யாருக்காக?"

"எனக்கு என்ன வந்துச்சு?"

அக்கா கூடத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பித்தப்பை ஆபரேஷன் அன்னைக்கு உள்ள உங்க நெஞ்சு நின்னுடுச்சு. எல்லாரையும் வரச் சொல்லுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்க மக ஓன்னு கத்துறா. இவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. என்னக் கூப்பிட்டு, அக்கா கெபிக்குப் போகணும்னா. நேரா இங்க வந்து, கழட்டி, துணியில முடிஞ்சு, ஒரு குச்சியால உள்ள தள்ளினா. டாக்டர் இனிமே வரவேணாம்னு சொல்ற வரைக்கும் இது வெளிய வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டா."

எனக்குச் சொல்லப்பட்டிருந்தது வேறு. மயக்க மருந்து கொஞ்சம் கூடிவிட்டதாம், அதனால் அதிகம் தூங்கிவிட்டேனாம். என் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், நல்ல தூக்கம் என்று. மருத்துவமனை அறிக்கையை நான் விடாமல் கேட்டேன். "இன்சூரன்சுக்கு அனுப்பிட்டேன்பா" என்றாள் மகள். பிறகு தினமும் எடுக்கச் சொன்ன மாத்திரைக்கு ரத்தக் கொதிப்பு என்று பெயர் சொன்னார்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மகள் எனக்கு முன்னால் உள்ளே போய் வருவாள். நம்பர் எடுக்கப் போவதாகச் சொல்வாள்.

நான் செத்துப் பிழைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது.

"அங்கிள், என் பிரைஸ்?" என்றாள் சிறுமி.

அந்த நேரம் பார்த்து என் மனைவி தட்டில் சிராப் தண்ணீர்க் குவளைகளோடு வந்தாள். "என்ன, முடிஞ்சிருச்சா? வேர்த்து ஊத்துது உங்களுக்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் மேசையைப் பார்த்தாள். தட்டை அவள் கீழே போடவில்லை. மிக மெதுவாக மேசையில் வைத்தாள். ஒரு துளிகூடச் சிந்தவில்லை. அதைப் பார்த்தபோதுதான் நான் பயந்தேன்.

"வெளிய வந்துடுச்சு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்தும் சொல்லவில்லை. "வியாழக்கிழமை டாக்டரைப் பாக்கணும். வெளிய வந்துடுச்சு."

"இங்க பாரு..." என்றேன்.

"நீங்க தொட்டீங்களா?"

"நான்தான் அவிழ்த்தேன்."

"பாம்பு இருக்குன்னு சொன்னேனே. ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவை, சொன்னதச் சோதிச்சுப் பாக்காம விட்டா என்ன?"

கழுத்திலிருந்த கொடியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அவள் கைக்குள்ளிருந்து மஞ்சள் கிழங்கு ஒன்று எட்டிப் பார்த்தது. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நாளும் அதுதான் அங்கே தொங்கியிருக்கிறது.

அக்கா எங்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்றார். "ஏய், இங்க பாரு. எடுத்தது யாரு? பிள்ளை. பிள்ளை கையால எடுத்தது எடுத்தது ஆகாது. விளையாட்டுக்கு எடுத்துச்சு. அது கையாலயே திரும்ப வச்சா சரியாப் போயிடும்."

"அப்படி யாருக்கா சொன்னது?"

"நான் சொல்றேன். ஃபாதரைக் கேட்டா வேற ஏதாவது சொல்வாரு, நீ கேக்காத."

இது எந்த மதத்துச் சட்டம் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. என் மனைவி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாலியை எடுத்துத் துணியில் வைத்து, என்னை முடியவிடாமல், தானே முடிந்தாள். நான் போட்டது போன்ற அதே முடிச்சு.

சிறுமிக்குப் பேரம் பேசத் தெரிந்திருந்தது. "திரும்ப வச்சா எனக்கு பிரைஸ் இல்லாமப் போயிடும்லா."

"உண்டு" என்றேன். "எடுத்ததுக்கு ஒண்ணு, வச்சதுக்கு ஒண்ணு."

மற்ற மூன்று முடிச்சுகளைக் கொண்டுவந்த பிள்ளைகளையும் அக்கா தேடிப் பிடித்து வந்தார். அவரவர் எடுத்த கல்லிடுக்கு அவரவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு புதையல் வேட்டை பின்னோக்கி ஓடுவதை நான் அன்றுதான் பார்த்தேன். சாவி போயிற்று, பல் போயிற்று, கொலுசு போயிற்று. கடைசியாகச் சிறுமி கல் மேல் ஏறினாள். என் மனைவி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சிறுமி கன்னத்தைப் பாறையில் அழுத்தி, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு, "இன்னும் உள்ளயா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"இன்னும் உள்ள."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம். கை எட்டுற வரைக்கும்."

வெறுங்கை வெளியே வந்த பிறகுதான் என் மனைவி மூச்சு விட்டாள். சிறுமி இறங்கி மேசைக்கு ஓடினாள்.

அடிக்கல்லுக்கு இடையே பளிச்சென்று என் முடிச்சு ஒன்று தெரிந்தது. யாரும் கண்டுபிடிக்காமல் விட்ட ஒன்று. முப்பதில் அது ஒன்றுதான் வந்து சேரவில்லை என்று அப்போது புரிந்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

"அது உங்களதா?"

"ஆமா. மிட்டாய் இருக்கு. எறும்பு வரும்."

"வந்தா வரட்டும். இனிமே இங்கேருந்து எதையும் எடுக்காதீங்க."

எடுக்கவில்லை. நிழலில் இருந்த சிமெண்டு இருக்கையில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் பாட்டுப் போட்டியில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் கேட்க நினைத்தவை நிறைய. ஏன் சொல்லவில்லை, யாருக்கெல்லாம் தெரியும், அந்த மாத்திரை உண்மையில் எதற்கு. வாயில் வந்தது ஒன்றுதான்.

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் கடிகாரத்தப் பாக்கலங்க" என்றாள்.

வியாழக்கிழமை மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம். மலாய்க்கார டாக்டரம்மா கணினியைப் பார்த்துக்கொண்டே அன்று நடந்ததைப் பற்றி ஏதோ சொன்னார். எனக்கு அது புதிது என்று என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். நிறுத்திவிட்டு, "என்சிக், யாரும் சொல்லலையா?" என்று மலாயில் மரியாதையாகக் கேட்டார். "போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்" என்றேன். அதைப் பேசினால் அப்பா பயப்படுவார் என்று மட்டும்தான் மகள் அவரிடம் சொல்லிவைத்திருந்தாளாம். அவர் முகத்தில் இருந்த திகைப்பைப் பார்த்து நான் இன்னொரு முறை அதிர்ந்தேன். இத்தனை மாதமாக நான் எதிரே உட்கார்ந்து, ரத்த அழுத்தம் குறைந்துவிட்டதே, மாத்திரையை நிறுத்தலாமா என்று இவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நெஞ்சு நின்ற நேரம் எவ்வளவு என்று கேட்டேன். திரையைப் பார்த்துச் சொன்னார். என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எண்ணை மட்டும் நான் எங்கும் எழுதவில்லை, இங்கும் எழுதப்போவதில்லை.

இப்போது எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். வராண்டாவில் நடக்கும்போது அவளிடம், வருத்தமா என்று கேட்டேன். இனிமேல் வரவேண்டாம் என்று சொல்வார் என அவள் எதிர்பார்த்திருப்பாள்.

"எதுக்கு வருத்தம்? இருந்துட்டுப் போகட்டும், அங்க பத்திரமாத்தான இருக்கு." சற்று தூரம் போன பிறகு சொன்னாள்: "அடுத்த வருஷம் உங்கள ஒளிக்கக் கூப்பிட்டா, காகிதத்துல சுத்துங்க. நீலக் காகிதம்."